இன்னும் இல்லை, இனி இல்லை

“பஸ் வரல” என்று ஒருவர் சொன்னால் நிழலில் ஒதுங்கி நிற்கலாம். “பஸ் வராது” என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இரண்டும் இல்லை என்றுதான் சொல்கின்றன. ஆனால் முதல் இல்லையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மலாய்க்காரர்கள் அந்தப் பாக்கிக்கென்றே ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: பெலும். சாப்பிட்டாயா என்று கேட்டால் “பெலும்”. சட்டியில் சோறே தீர்ந்துவிட்டால் “ஹாபிஸ்”. கெடாவில் வளர்கிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு இரண்டு மொழியிலும் நாக்கில் ஏறிவிடும். கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் பல ஆண்டுகளாக ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. சுங்கைப் பட்டாணியில் வீடு. மேசையில் ஒரே நிரலை லினக்ஸ், விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி என்று நான்கு இயங்குதளங்களில் ஓடவிட்டு, நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று பார்ப்பேன். அதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி நான்பிளாக்கிங் சாக்கெட். சாக்கெட் என்பது நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்களுக்கு நடுவே ஓடும் குழாயின் வாய். சாதாரணமாக அந்த வாயில் “ஏதாவது வந்ததா” என்று ஒரு நிரல் கேட்டால், வந்திருக்காவிட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த நிரலை அங்கேயே தூங்க வைத்துவிடும். வரும்போது எழுப்பும். ஒரே ஒரு குழாய் என்றால் பரவாயில்லை. ஆயிரம் குழாய்களைக் கவனிக்க வேண்டிய நிரல் ஒன்றின் வாயிலேயே தூங்கிப்போனால் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் நிரம்பி வழியும். அதனால் சாக்கெட்டை நான்பிளாக்கிங் ஆக்குகிறோம். கேட்டவுடன் பதில்: இருந்தால் இந்தா, இல்லாவிட்டால் இன்னும் இல்லை, நீ அடுத்த வேலையைப் பார்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பார்த்திருந்தேன். அம்மா பால்மரம் வெட்டியவர். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து, பொழுது விடியும் முன்பே நிரையில் இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும் என்பதால்தான் அந்த அவசரம். ஒருவருக்கு ஐந்நூறு மரம் வரை இருக்கும். ஒரு மரத்தின் முன் அவர் நிற்கும் நேரம் மிகக் கொஞ்சம். பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் பாலை உருவி எடுப்பார். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும் கோட்டில், அடியிலுள்ள தளிர்ப்பட்டையைத் தொடாமல், மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை நிமிர்த்தி வைப்பார். முதல் சொட்டு பீலியில் உருண்டு மங்கில் விழுகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். விழுவதை நின்று பார்க்க மாட்டார். அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பால் இரண்டு மூன்று மணி நேரம் தன் போக்கில் வடியும். பிறகு காண்டா என்ற தோள்கம்பில் தொங்கும் வாளியோடு முதல் மரத்திலிருந்து திரும்பச் சுற்றுவார்.

பள்ளி விடுமுறையில் கூடப் போன ஒரு நாள், ஒரு மரத்தை மட்டும் அவர் எடுக்காமல் கடந்து போனார். “என்னம்மா, இத விட்டுட்டு?” என்றேன். “இன்னும் சொட்டுது தம்பி. கடைசியா வந்து பார்ப்போம்.” இரண்டு மரம் தள்ளி இன்னொன்று, மங்கு காய்ந்து கிடந்தது. அங்கேயும் நிற்கவில்லை. “இது?” “அது பட்டை செத்துப்போச்சு. இனி வராது.” இரண்டு மங்கிலும் அந்த நிமிடம் எடுக்க ஒன்றுமில்லை. ஒன்றுக்குத் திரும்பி வந்தார். மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் பழைய யூனிக்ஸ் ஒன்று இடறி விழுந்தது. சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் வழியில், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படித்தால், தரவு இன்னும் வரவில்லை என்பதற்குக் கிடைக்கும் விடை பூஜ்யம். எதிர்முனை மூடிவிட்டது, இனி எதுவும் வராது என்பதற்கும் விடை பூஜ்யம். சொட்டுகிற மரமும் பட்டை செத்த மரமும் ஒரே எண்! அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு ஒரு நிரலாளர் என்ன செய்வார்? திரும்பத் திரும்பக் கேட்டால் செத்த மரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். விட்டுவிட்டால் சொட்டுகிற பாலை இழப்பார். 1983இல் 4.2பிஎஸ்டியோடு சாக்கெட்டை உலகுக்குத் தந்த பெர்க்லிக்காரர்கள் இதைத் தெளிவாகப் பிரித்திருந்தார்கள். மூடியதற்குப் பூஜ்யம், வரவில்லை என்பதற்குக் கழித்தல் ஒன்றும், கூடவே ஒரு பிழை எண்ணும். 1988இல் வந்த போசிக்ஸ் தரமும் ஓ-நான்பிளாக் என்ற புதுக் கொடியைக் கொண்டுவந்து அந்தப் பிரிவை உறுதியாக்கியது. பூஜ்யத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் இன்றைய இணையம் முழுவதும் ஓடுகிறது என்பேன். மிகையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

அந்தப் பிழை எண்ணில் இருக்கும் நயத்தைத் தனியே சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பெயர். பெர்க்லி வைத்த பெயர் ஈ-வுட்பிளாக்: “இப்போது விட்டால் நின்றுபோவாய்.” சிஸ்டம் ஃபைவ் பக்கத்துப் பெயர் ஈ-அகெய்ன்: “மறுபடி வா.” முதலாவது ஆபத்தைச் சொல்கிறது, இரண்டாவது வழியைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் சரக்கு வராத நாளில் இல்லை என்று சொல்லவே மாட்டார், “சாயங்காலமா வாம்மா” என்பார். அந்தக் குரல் அதில் இருக்கிறது. போசிக்ஸ் இரண்டு பெயருக்கும் ஒரே எண் இருக்கலாம், வேறு வேறு எண்ணும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. ஆகவே நல்ல நிரலாளர் இரண்டையும் சோதித்து எழுதுவார்.

இனி எண். நான்கு திரையிலும் ஒரே சோதனையை ஓடவிட்டு, வந்த எண்ணை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். லினக்ஸ் 11 என்னும். ஃப்ரீபிஎஸ்டி 35. மேக் 35. விண்டோஸ் 10035. முதல் முறை பார்த்தபோது அந்தக் கடைசி எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாயிரத்து முப்பத்தைந்து. 1993 ஜனவரியில் விண்டோஸுக்கான சாக்கெட் வரையறையான வின்சாக் 1.1ஐ எழுதியவர்கள் பெர்க்லியின் எண்களை எடுத்து, மற்ற எண்களோடு மோதாமல் இருக்க ஒவ்வொன்றோடும் பதினாயிரத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். விண்டோஸ் யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை அல்ல. ஆனாலும் முகத்தில் பெர்க்லிச் சாயல் அப்படியே இருக்கிறது. லினக்ஸோ பெர்க்லியின் சாக்கெட்டை எடுத்துக்கொண்டு, எண்ணை மட்டும் சிஸ்டம் ஃபைவ் வழியில் வைத்துக்கொண்டது.

இன்னும் நெருங்கிப் போனால் இன்னொன்று. ஃப்ரீபிஎஸ்டியின் பிழை எண் கோப்பைத் திறந்தால் 11க்கு நேரே வேறு பெயர் இருக்கும்: டெட்லாக், அதாவது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருவருமே நகர முடியாத நிலை. அதன் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு, இந்த 11 முன்பு ஈ-அகெய்னாக இருந்தது என்று. குடியிருந்தவர் மாறிப்போன லயத்து வீட்டில் பழைய பெயர் சுவரில் இருப்பது போல. இப்போது லினக்ஸ் கோப்பில் 35க்கு நேரே என்ன என்று பாருங்கள். அங்கே டெட்லாக்! லினக்ஸில் 11 “மறுபடி வா”, 35 “சிக்கிக்கொண்டாய்”. ஃப்ரீபிஎஸ்டியில் 35 “மறுபடி வா”, 11 “சிக்கிக்கொண்டாய்”. இரண்டு எண்களும் வீடு மாறி உட்கார்ந்திருக்கின்றன. பெயரை எழுதாமல் எண்ணை எழுதி வைத்த ஒரு நிரல் கடல் தாண்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, சோதித்தால் போதும்.

கனெக்ட் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. நான்பிளாக்கிங் சாக்கெட்டில் ஓர் இணைப்பைத் தொடங்கினால் யூனிக்ஸ் வகைகள் ஈ-இன்ப்ராகிரஸ் என்கின்றன: வேலை நடக்கிறது. விண்டோஸ் அதே இடத்தில் 10035ஐத்தான் தரும். அதனிடம் ஈ-இன்ப்ராகிரஸ் இல்லாமல் இல்லை, 10036 என்று பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன்? வின்சாக் பிறந்த வீடு விண்டோஸ் 3.1. அங்கே ஒரு நிரல் உண்மையாகவே நின்றுபோனால் கணினி முழுவதும் நின்றுபோகும். ஆகவே நிற்பது போன்ற அழைப்பு உள்ளுக்குள் சுட்டி, விசைப்பலகைச் செய்திகளைக் கவனித்துக்கொண்டே சுழலும். அந்தச் சுழற்சியின் நடுவே இன்னொரு அழைப்பு வந்துவிட்டால், “முன்னதே இன்னும் முடியவில்லை” என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. அதற்கு 10036ஐக் கொடுத்துவிட்டார்கள். கனெக்டுக்கு அது மிஞ்சவில்லை. விண்டோஸ் 3.1 போய்ச் சேர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அது விட்டுப்போன ஒரு பழக்கம் இன்றும் என் திரையில் எண்ணாக வந்து நிற்கிறது.

இணைப்பு தோற்றுப்போனால் அதைத் தெரிவிக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. செலக்ட் என்ற அழைப்பிடம் பல சாக்கெட்டுகளை ஒப்படைத்து எது தயார் என்று கேட்கலாம். யூனிக்ஸில் தோற்ற இணைப்பு “எழுதத் தயார்” பட்டியலில் வரும். எழுதப் போனால்தான், அல்லது சாக்கெட்டிடமே பிழையைக் கேட்டால்தான், தோல்வி தெரியும். விண்டோஸ் அதை மூன்றாவதான விதிவிலக்குப் பட்டியலில் போடும். மூன்றாவது பட்டியலைக் கொடுக்காமல் விட்டவர் காத்துக்கொண்டே இருப்பார். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த, இதே வேலையைச் செய்யும் டபிள்யூஎஸ்ஏ-போல் என்ற அழைப்பில் நிலைமை இன்னும் கஷ்டமாக இருந்தது. தோற்ற இணைப்பைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. 2020இல் வந்த விண்டோஸ் 10இன் “2004” என்ற பதிப்பில்தான் திருத்தினார்கள். இன்னும் இல்லை என்றும் சொல்லாமல், இனி இல்லை என்றும் சொல்லாமல் இருக்கும் மௌனம் இருக்கிறதே, சோதனைக்காரனுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

நானே அடிபட்டது அக்செப்டில். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் நிரல். லினக்ஸில் எழுதி, லினக்ஸில் சோதித்து, எல்லாம் பச்சை. மேக்கில் ஓடவிட்டவுடன் முதல் படிப்பிலேயே 35 என்று விழுந்தது. நான் என் சோதனையைச் சந்தேகித்தேன், கேபிளைச் சந்தேகித்தேன், இரண்டு இரவு தூக்கம் போனது. விஷயம் இதுதான்: அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் சாக்கெட்டை நாங்கள் நான்பிளாக்கிங் ஆக்கியிருந்தோம். ஓர் அழைப்பு வந்து அக்செப்ட் செய்தவுடன் புதிய சாக்கெட் ஒன்று பிறக்கிறது. பெர்க்லி வழியில் அந்தப் பிள்ளை தாயின் குணத்தோடு பிறக்கும். தாய் நான்பிளாக்கிங் என்றால் பிள்ளையும் அப்படித்தான். லினக்ஸில் பிள்ளை வெறும் கையோடு பிறக்கும். குணத்தை நாம்தான் ஊட்ட வேண்டும். லினக்ஸ் கையேட்டில் அக்செப்ட் பக்கத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள், மூல பெர்க்லி முறையிலிருந்து இது வேறுபடுகிறது என்று. படித்திருந்தால் இரண்டு இரவும் மிச்சமாகியிருக்கும்.

பிறகு பைதான் மொழியின் சாக்கெட் நூலகத்தைத் திறந்து பார்த்தேன். அக்செப்ட் எழுதியிருக்கும் இடத்தில், பிறந்த சாக்கெட்டைச் சில நேரங்களில் வலிந்து பழைய நிலைக்குக் கொண்டுவரும் இரண்டு வரி. அதற்கு மேலே மூன்று வரி விளக்கம், தளத்துக்குத் தளம் மாறும் இந்தப் பரம்பரைக் குணத்தை மீறுவதற்காக என்று. யாரோ ஒருவர் எங்கோ இதே இரவை விழித்துக் கழித்திருக்கிறார். அந்த இரண்டு வரியைப் பார்த்தபோது எனக்கு உண்டான நெருக்கத்தை எப்படிச் சொல்வது! ஒரே நிரையில் முன்னால் போனவர் முள்ளை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தால் பின்னால் வருகிறவருக்கு உண்டாகும் நெருக்கம் அது.

செலக்டுக்குக் கொடுக்கும் பட்டியலின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் அது 1024 துளைகள் கொண்ட ஒரு சல்லடை. சாக்கெட்டின் எண் அதற்குள் இருக்க வேண்டும். விண்டோஸில் அது ஒரு பெயர்ப் பட்டியல். எந்த எண்ணாக இருந்தாலும் சரி, இயல்பாக 64 பேர்தான். என் சோதனைகளில் 65 சாக்கெட்டைத் திறக்கும் ஒன்று எப்போதும் உண்டு.

எனக்குப் பிடித்த சோதனை என்று ஒன்றைக் கேட்டால், குழாயை நிரப்பும் சோதனையைச் சொல்வேன். ஒரே கணினிக்குள் இரண்டு சாக்கெட், நடுவே இணைப்பு. போர்ட் எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுத்தால் காலியாக இருக்கும் ஒன்றைக் கெர்னலே தேர்ந்து தரும். நான்கு தளத்திலும் இந்த மரியாதை உண்டு. மறுமுனையில் யாரும் படிக்காமல் வைத்து, இந்த முனையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். கெர்னல் வாங்கிக்கொள்கிறது, வாங்கிக்கொள்கிறது, பிறகு ஒரு கட்டத்தில் கேட்டதில் பாதியை மட்டும் வாங்குகிறது. அடுத்த முறை: மறுபடி வா. எத்தனை பைட்டில் நின்றது என்பது ஒவ்வொரு தளத்திலும் வேறு. லினக்ஸில் அனுப்பும் பஃபரை, அதாவது தரவு தற்காலிகமாகத் தேங்கும் இடத்தை, 16384 என்று வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டால் 32768 என்னும். தன் கணக்கு வழக்குக்கும் இடம் வேண்டும் என்று இரட்டித்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. விண்டோஸில் சில வேளை முழு மூட்டையையும் ஒரே வாயில் வாங்கிக்கொண்டு அதற்கடுத்த கவளத்தில்தான் நிற்கும்; பாதி எழுத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்த சோதனை அங்கே ஏமாந்துபோகும். ஆகவே எந்த எண்ணையும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கட்டத்தில் நிற்கிறதா, நின்றதும் பொறுமையாகத் திரும்பிவிடுகிறதா, அவ்வளவுதான் கேட்க வேண்டும்.

இப்போது மறுமுனையில் ஒரே ஒரு பைட்டைப் படியுங்கள். இடம் வந்துவிட்டது அல்லவா? செலக்டிடம் கேளுங்கள். லினக்ஸ் இன்னும் எழுதத் தயார் என்று சொல்லாது. பஃபரில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது காலியாக வேண்டும் அதற்கு. மறுமுனையும் ஒரு பைட் இடத்தை உடனே அறிவித்துக்கொண்டிருக்காது. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பொட்டலம் என்று போனால் வழி முழுக்கப் பொட்டலமாகிவிடும் என்று 1982லேயே டேவிட் கிளார்க் ஆர்எஃப்சி 813இல் எழுதி வைத்தார். ஒரு மங்குப் பாலைத் தூக்கிக்கொண்டு யாரும் ஸ்டோருக்கு நடப்பதில்லை. வாளி கனத்த பிறகுதான் காண்டாவைத் தோளில் ஏற்றுவார்கள். அது எங்களுக்குப் புதிதாகப் படவில்லை.

இந்தச் சோதனையில் நடுவே அரை வினாடி தூங்கு, பிறகு பார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். என் மேசையில் தேறும். வேலை நெருக்கும் இன்னொரு கணினியில் பத்துக்கு ஒன்று தவறும். இணைப்பு மறுப்பைச் சோதிக்கும்போதும் இதே கதைதான்: விண்டோஸில் யாரும் இல்லாத போர்ட்டுக்கு இணைப்புக் கேட்டால், மறுப்பு வந்த பிறகும் அது சில முறை திரும்பக் கதவைத் தட்டிப் பார்க்கும். லினக்ஸில் கண் இமைப்பதற்குள் வரும் மறுப்பு அங்கே ஓரிரு வினாடி பிந்தும். அரை வினாடித் தூக்கம் அங்கே எதற்கும் உதவாது. கடிகாரத்தைப் பார்க்காமல் மங்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, எந்தப் பட்டியலிலும் நான் முடிவில் வைப்பது. எதிர்முனை ஐந்து பைட் அனுப்பிவிட்டு அடுத்த நொடியே மூடிவிடுகிறது. இந்தப் பக்கம், செலக்டின் வேலையையே செய்யும் “போல்” என்ற அழைப்பில் இரண்டு செய்தியும் சேர்ந்தே வரலாம்: படிக்க இருக்கிறது, எதிரே இருந்தவர் போய்விட்டார். போனவரைப் பற்றிய செய்தியை முதலில் எடுத்துக்கொண்டு சாக்கெட்டை மூடிவிட்ட நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து பைட்டும் பஃபரிலேயே போய்விடும். அம்மா அந்தத் தவறைச் செய்ததில்லை. எல்லா மரமும் எடுத்து முடித்த பிறகு, நாங்கள் பசியோடு நச்சரித்துக்கொண்டிருக்கும்போதும், காலையில் விட்டுவந்த அந்த மரத்துக்குத் திரும்பப் போவார். மங்கில் விரலளவு பால் இருக்கும். வாளியில் கவிழ்த்து, ஒட்டியிருப்பதை விரலால் வழித்துவிடுவார். மேலே வெட்டில் சொட்டு நின்றுவிட்டதா என்று நிமிர்ந்து பார்ப்பார். நிற்காவிட்டால் மங்கு நிமிர்ந்தபடியே இருக்கும். ராத்திரி வடிந்தது மறுநாள் கட்டிப்பாலாக வரும். நின்றிருந்தால் மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பார்.

நான்கு திரையிலும் அந்தச் சோதனையை ஓடவிட்டேன். எண்களில், பட்டியல்களில், பிறப்பின் குணத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கும் முதல் கேள்விக்கு ஐந்து என்றன. இரண்டாவது கேள்விக்குப் பூஜ்யம்.